ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 25 ஆண்டு வழக்கு

1971 ஜூன் 26, மாலை 4.15 மணி. கேரளத்தில் ஓர் ஆலைத் தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 4.30க்கு ஷிப்ட். ஆலைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். வழியில் ஒரு லாரி மோதியது. லாரியும் அதே ஆலை முதலாளிக்குச் சொந்தமானது என்பதுதான் வேடிக்கை.

இ.எஸ்.ஐ. சந்தாதாரரான அவர் ஊனப் பயன் கேட்டார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் செய்வதில் தாமதம் காட்டாத இ.எஸ்.ஐ. கழகம், கொடுக்க மறுத்தது. விபத்து நடந்தது பொதுச் சாலையில். எனவே அது 'பணியின் போது, பணியின் காரணமாக' ஏற்பட்ட காயம் அல்ல என்பது அதன் வாதம்.

இந்த நான்கைந்து சொற்களில் இருப்பது பணம். சாதாரண நோய் என்றால் ஊதியத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள்தான். பணிக் காயம் என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம், குணமாகும் வரை. நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுக்கப் பென்ஷன் மாதிரி வரும்.

தொழிலாளி தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். கழகம் மேல்முறையீடு செய்தது. கேரள உயர் நீதிமன்றத்திலும் தொழிலாளியே ஜெயித்தார். கழகம் விடவில்லை. உச்ச நீதிமன்றத்தில் முதலில் கேட்ட நீதிபதிகள் இருவரும் கருத்து வேறுபட, வழக்கு பெரிய அமர்வுக்குப் போனது. 1996 செப்டம்பரில் வந்தது தீர்ப்பு. கழகத்துக்கு வெற்றி. வேலைக்குப் போகிறவன் சாலையில் சந்திக்கும் ஆபத்து எல்லோரும் சந்திக்கும் ஆபத்துதான் என்றது நீதிமன்றம்.

இத்தனைக்கும் 1963ல் இதே உச்ச நீதிமன்றம், வேலை முடிந்து தன் நிறுவனத்தின் பஸ்ஸிலேயே வீடு திரும்பும்போது விபத்தில் இறந்த பம்பாய் பெஸ்ட் டிரைவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று சொல்லியிருந்தது. பஸ்ஸில் போனால் ஒரு நீதி, சைக்கிளில் போனால் ஒரு நீதியா என்று தொழிலாளி கேட்டால் தப்பில்லை. ஆனால் அந்த டிரைவருக்கு நிறுவன பஸ்ஸில் போய்வருவது வேலையோடு சேர்ந்த உரிமை. சைக்கிள்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. சட்டம் பார்த்தது அந்த வித்தியாசத்தை.

கடைசியில் நாடாளுமன்றம்தான் வழி செய்தது. 2010ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ பிரிவு சேர்ந்தது: வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் செல்லும் வழியில் நடக்கும் விபத்தும் பணிக் காயமே. ஆனால் நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும்.

2010க்கு முன் அடிபட்டவர்கள்? அதற்குப் பதில் வர மேலும் 15 ஆண்டுகள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, அதிகாலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது 2003ல் இறந்தார். ஆணையர் வழங்கிய இழப்பீட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. 51-இ புதிய உரிமை அல்ல, இருந்த சட்டத்துக்கு விளக்கமே. எனவே முன்தேதியிட்டும் பொருந்தும் என்றது. இ.எஸ்.ஐ.யில் சேராத தொழிலாளர்களின் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே அர்த்தம்தான் என்றது.

2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 1948ம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தை விழுங்கிவிட்டது. வழிப்பயண விபத்தும் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றமும் அதிலும் உண்டு. பழைய சட்டத்தில் வக்கீல் வைக்க முடியாதவருக்காகப் பதிவுபெற்ற தொழிற்சங்க நிர்வாகியே ஆஜராகலாம். ஆனால் பயன் கிடைக்கவேண்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். கழக அதிகாரி வாய்மொழியாக "கிடைக்காது" என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குவதும், ஷிப்ட் நேரம் குறித்த வருகைப் பதிவையும் போலீஸ் எஃப்.ஐ.ஆர். நகலையும் பத்திரப்படுத்துவதும்தான் முதல் வேலை.