இழுத்தால் வருவது எது?

கைப்பேசி நுழையாத வீடு இன்று நம் எல்லைப்புற ஊர்களில் அரிது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வெறும் பொழுதுபோக்குக் கருவியன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றிக் கொண்டு கொடுத்த உறவைப் பிரிக்கவில்லை. களியக்காவிளைக்கு அப்பால் பெற்றோரும், வளைகுடா நாட்டில் மகனும், திருவனந்தபுரத்தில் படிக்கும் மகளுமாகச் சிதறியிருக்கும் குடும்பம் நாள்தோறும் செய்திக்காகக் காத்திருக்கிறது. அவ்வாறு காத்திருக்கையில் நம் விரல் தானாகவே செய்யும் ஒரு சிறு செயலைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

பட்டியலின் உச்சிக்குச் சென்று, திரையை மேலும் கீழ்நோக்கி இழுக்கிறோம். சிறு வட்டம் ஒன்று சுழல்கிறது. விரலை எடுத்ததும் புதிய செய்தி வந்து நிற்கிறது. இதனை ‘இழுத்துப் புதுப்பித்தல்’ எனலாம். இன்று குழந்தையும் அறிந்த இவ்வசைவு 2009ஆம் ஆண்டுக்கு முன் மக்கள் அறியாதது. அமெரிக்கரான லோரன் பிரிக்டர் என்னும் இளைஞர், டுவிட்டர் செய்திகளைப் படிப்பதற்காகத் தாம் அமைத்த ‘டுவீட்டி’ என்ற செயலியின் இரண்டாம் பதிப்பில் இதனைப் புகுத்தினார். புதுச் செய்தி பட்டியலின் தலைப்பில் வருகிறது. உச்சிவரை சென்று நிற்பவர் அதற்கும் மேலானதைத்தான் தேடுகிறார். ஆகவே தனியாக ஒரு பொத்தான் எதற்கு, தேடும் அசைவே கேட்கும் அசைவாகட்டுமே என்பதே அதன் உட்பொருள். 2010இல் டுவிட்டர் நிறுவனம் அச்செயலியை விலைக்கு வாங்கியது. 2012இல் ஆப்பிள் நிறுவனமும், 2014இல் ஆண்ட்ராய்டை நடத்தும் கூகுளும் இவ்வசதியைச் செயலி அமைப்போருக்கு ஆயத்த உறுப்பாகவே வழங்கின.

இதன் உள்வேலை எளியதே. பட்டியல் உச்சியில் இருக்கிறதா என்று செயலி முதலில் பார்க்கிறது. இழுப்பு ஒரு குறித்த அளவைக் கடந்தால், தொலைவிலுள்ள சேவையகத்துக்கு ‘புதியது உண்டா?’ என்று வினா அனுப்புகிறது. விடை வந்தவுடன் பட்டியலை மாற்றிச் சுழல் வட்டத்தை நிறுத்துகிறது.

இவ்விடத்தில் நாம் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. கிணற்றில் ஊறிய நீரே வாளியில் வரும். கயிற்றை விரைந்து இழுப்பதனால் ஊற்று விரைந்து சுரப்பதில்லை. அவ்வாறே திரையை இழுத்தால் வருவது, சேவையகத்தில் அதுவரை வந்து சேர்ந்த செய்தி மட்டுமே; உலகில் அந்நொடி நிகழ்வதன்று.

இரயில் பயணத்தை எடுத்துக்கொள்வோம். 1979இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டதிலிருந்து, வேலைக்கும் படிப்புக்கும் செல்வோருக்குப் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் வாயில்களாயின. வண்டி குழித்துறையில் நிற்பதாகத் திரை காட்டுகிறது. ஆனால் அது கால் மணி நேரத்துக்கு முந்திய செய்தி. அந்த நேரம் திரையில் குறிக்கப்படாவிட்டால், ‘இன்னும் பொழுதிருக்கிறது’ என்று மெல்ல நடப்பவர் வண்டியைத் தவறவிடுவார். பணம் அனுப்புவதில் இதனினும் பெரிய இடர் உண்டு. அனுப்பிய தொகை ‘நிலுவையில்’ என்று நிற்க, நான்கு முறை இழுத்தும் மாறாமையால் பொறுமையிழந்து மறுபடியும் அனுப்பிவிட்டால், இரு முறையும் பணம் போய்ச் சேரக்கூடும். அத்தருணத்தில் காத்திருப்பதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதுமே அறிவுடைமை.

1990இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய டெக்னோபார்க் போன்ற இடங்களில் செயலி அமைக்கும் தொழிலை மேற்கொள்ளும் நம் இளைஞர்களுக்கும் சில சொல்ல வேண்டும். முதலாவது, ‘கடைசியாகப் புதுப்பித்தது இத்தனை மணிக்கு’ என்று திரையில் எழுதுங்கள். இரண்டாவது, இணைப்புக் கிடைக்காதபோது பழைய பட்டியலை அழித்து வெறுந்திரையைக் காட்டாதீர்கள். பழையதை வைத்துக்கொண்டே, புதியது வரவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதனைத் தமிழிலும் சொல்லுங்கள். மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரியோர் நம்மிடையே உளர். மூன்றாவது, சுழல் வட்டத்தை முடிவின்றிச் சுழல விடாதீர்கள். வெற்றியாயினும் தோல்வியாயினும் அது நிற்க வேண்டும். நான்காவது, விரல் நடுங்கும் முதியோருக்கும், பார்வையற்றோருக்கும் இழுப்பது எளிதன்று. அவர்களுக்காகப் புதுப்பிக்கும் பொத்தானும் இருக்கட்டும். ஐந்தாவது, படிவம் நிரப்பும் பக்கத்தில் இவ்வசைவைத் தடுத்துவிடுங்கள். உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய மாணவியின் விரல் தவறி இழுத்தால், உலாவி பக்கத்தை மீண்டும் ஏற்றிவிடும். அவள் எழுதியதெல்லாம் அழிந்துபோகும்.

இனி, இழுக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு முறை ஒன்றும் வருவதில்லை. மறுமுறை மகனின் படம் வருகிறது. எப்பொழுது வரும் என்று தெரியாமையே மீண்டும் மீண்டும் இழுக்கத் தூண்டுகிறது. சூதாட்டப் பொறியின் கைப்பிடியை இழுப்பவனை ஆட்டுவிப்பதும் இதே ஆசைதான். இவ்வசைவைக் கண்டுபிடித்த பிரிக்டரே, இது மக்களை அடிமைப்படுத்தும் தன்மை கொண்டது என்று 2017இல் வெளிப்படையாக வருந்தினார். செய்தி வந்தால் தானே அறிவிக்கும் வசதி இன்று பெரும்பாலான செயலிகளில் உண்டு. வேண்டியவர்களின் செய்திக்கு மட்டும் அவ்வறிவிப்பை வைத்துக்கொண்டு, கைப்பேசியை மேசைமீது வைத்துவிடலாமன்றோ?

தூரத்திலுள்ள பிள்ளைக்காகத் தாயின் விரல் திரையைத் தேடுவதைக் குறை கூறுவார் யார்? அவ்விரலுக்கு உண்மையான விடை கிடைக்கச் செய்வது செயலி அமைப்போர் பொறுப்பு. புதியது இல்லையெனில் ‘இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லும் செயலியே அவள் நம்பிக்கைக்கு உரியது. அவ்விடையைக் கண்டபின் திரையை அணைத்துவிட்டு, அருகிலிருக்கும் பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசுவது நம் பொறுப்பு.