மவுத் ஆர்கனும் சுரமாற்றமும்

சட்டைப் பைக்குள் அடங்கும் மவுத் ஆர்கனைச் சிறுவரின் விளையாட்டுப் பொருள் என்றே பலரும் கருதுகின்றனர். அதன் மேல்மூடிகளைக் கழற்றி நோக்குவோமாயின், நுட்பமான இசைக் கணக்கு ஒன்று உள்ளே அமைந்திருப்பதைக் காண்போம். பத்துத் துளைகள், துளைக்கு இரண்டாக இருபது பித்தளை நாக்குகள். ஒன்று ஊதும்போது ஒலிக்கும்; மற்றொன்று காற்றை உள்ளிழுக்கும்போது ஒலிக்கும்.

இந்த அமைப்பில் சுரக்கூட்டுக்கே, அதாவது பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இசைவுக்கே, முதலிடம் தரப்பட்டுள்ளது. எந்த மூன்று அடுத்தடுத்த துளைகளில் ஊதினாலும் ச-க-ப என்னும் கூட்டே பிறக்கும். முதல் நான்கு துளைகளில் உள்ளிழுத்தால் ப-நி-ரி கூட்டு ஒலிக்கும். இவ்வசதிக்கு விலையும் உண்டு. கீழ் ஸ்தாயியில் பஞ்சமம் இருமுறை வருகிறது. மத்திமமும் தைவதமும் இல்லை. நடு ஸ்தாயியில் மட்டுமே சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் முழுமையாகக் கிட்டுகின்றன.

இக்குறையை அரத்தால் மாற்றலாம். நாக்கின் நுனியைச் சிறிது தேய்த்தால் எடை குறைந்து, அதிர்வு விரைந்து, சுரம் உயரும். ஆணியிட்ட அடிப்பகுதியைத் தேய்த்தால் விறைப்புக் குறைந்து சுரம் தாழும். மூன்றாம் துளையின் ஊதும் பஞ்சமத்தைத் தைவதமாக உயர்த்தினால், கீழ் ஸ்தாயியில் தைவதம் கிடைக்கும். இரண்டாம் துளையில் உள்ளிழுத்தால் பஞ்சமம் இருக்கவே இருக்கிறது. ஆனால் அங்கே ஊதும் ச-க-ப கூட்டு குலைந்துவிடும்.

ஐந்தாம், ஒன்பதாம் துளைகளில் உள்ளிழுக்கும் மத்திமத்தை அரைச் சுரம் உயர்த்தினால் கல்யாணியின் சுரங்கள் அமையும். 2, 5, 8 ஆம் துளைகளின் ஊதும் காந்தாரத்தையும், 6, 10 ஆம் துளைகளில் உள்ளிழுக்கும் தைவதத்தையும் அரைச் சுரம் தாழ்த்தினால் கீரவாணியின் சுரங்கள் அமையும். ஊதும் கூட்டும் மேனாட்டார் 'மைனர்' என வழங்கும் சாயலைப் பெறும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அரைச் சுரத்தை நூறு பங்காகக் கொண்டால், பியானோவின் சமப் பங்கீட்டில் வரும் காந்தாரம் தூய காந்தாரத்தினும் ஏறத்தாழ 14 பங்கு உயர்ந்திருக்கும். அதனால் கூட்டொலியில் அலைபோன்ற துடிப்பு எழும். காந்தாரத்தை அந்த அளவு தாழ்த்தினால் துடிப்பு அடங்கும். ஆனால் பியானோவுடன் சேர்ந்து வாசிக்கையில் அச்சுரம் தாழ்ந்தே ஒலிக்கும்.

தேய்த்த உலோகம் மீண்டும் வளராது. ஆகவே பழைய கருவி ஒன்றில் முதலில் பழகுவது நலம். நாக்கின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, குறுக்கே கீறாமல் நீளவாக்கில் தேய்த்தல் வேண்டும். அடிக்கடி ஒலித்துப் பார்ப்பதோடு, மறுநாளும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். தேய்த்த நாக்கின் சுரம் நிலைபெறச் சிறிது காலம் பிடிக்கும்.

எல்லாச் சுரங்களையும் எல்லாக் கூட்டுகளையும் இருபது நாக்குகளில் அடக்க இயலாது. எதைப் பெற எதை விடுவது என்பதை முன்னரே தெளிந்து, பின்னரே அரத்தைக் கையில் எடுப்போமாக.