உங்களுக்குத் தெரியுமா? ஊர்ப் பெயர் புதுசு, குறியீடு பழசு!

● கோவில்பட்டியிலிருந்து வடக்கே சாத்தூரைத் தாண்டினால் விருதுநகர். விருதுபட்டி என்ற பழைய பெயர் 1923-லேயே போய்விட்டது. ஆனால் ரயில்வே கணினியில் அதன் குறியீடு இன்னும் ‘வி.பி.டி.’தான். ஆங்கிலத்தில் ‘கே’ போட்டு எழுதும் கோவில்பட்டிக்கும் குறியீடு ‘சி.வி.பி.’

● மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆனது. 2019-ல் சென்ட்ரல் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். குறியீடு மட்டும் அதே ‘எம்.ஏ.எஸ்.’ பயணி பார்ப்பது பெயரை. கட்டணம், தூரம், நேர அட்டவணை எல்லாம் தரவுத்தளத்தில் பிடித்துத் தொங்குவது குறியீட்டை. அதில் கை வைத்தால் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும்.

● அதற்காக மாற்றவே மாட்டார்கள் என்றில்லை. முகல்சராய் 2018-ல் பெயர் மாறியபோது ‘எம்.ஜி.எஸ்.’ போய் ‘டி.டி.யு.’ வந்தது. 2020-ல் அலகாபாத்தின் ‘ஏ.எல்.டி.’யும் ‘பி.ஆர்.ஒய்.ஜே.’ ஆனது.

● ரயில் எண்கள் 2010 டிசம்பர் 20 அன்று நான்கு இலக்கத்திலிருந்து ஐந்துக்கு மாறின. பழைய எண்ணைத் தூக்கி எறியவில்லை, முன்னால் ஓர் இலக்கத்தைச் சேர்த்தார்கள். சென்னையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் 2693 என்பது 12693 ஆயிற்று.

● இந்தக் கதை ரயிலோடு நிற்கவில்லை. மெட்ரிக் முறை வந்து அறுபது ஆண்டு தாண்டியும் பஞ்சுக்கு விலை பேசுவது கண்டிக் கணக்கில்தான். ஒரு கண்டி 784 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 356 கிலோ. பேல் என்ற பஞ்சுப் பொதி மட்டும் 170 கிலோ என்று கிலோவுக்கு வந்துவிட்டது.

● மென்பொருளிலும் இதே கதைதான். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய ‘யுடிஎஃப்8’ குறியாக்கம் ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட்தான் ஒதுக்கியது. ‘க’வுக்கு 3 போதும், எமோஜிக்கு 4 வேண்டும். பழையதைத் திருத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் தடுமாறும் என்பதால், 2010-ல் பக்கத்திலேயே ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். 2019-ல் யூனிகோடில் ஏறிய முந்திரி, மாகாணி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் 4 பைட் வேண்டும். பழைய பெட்டியில் அவை அடங்கா.

● போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் வேறு வழியில் போனது. எண்ணைக் கேட்காமலே எழுத்தாக மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை 2008-ல் வந்த 8.3 பதிப்பில் பெரும்பாலும் நிறுத்தியது. ஒளிந்திருந்த பிழைகள் வெளியே வந்தன. அதுவரை ஒழுங்காக ஓடிய நிரல்கள் பலவும் மக்கர் செய்தன.

● உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஒரு பழைய பிழை உண்டு. காலியாக இருக்கவே கூடாத முதன்மைச் சாவியை அது பல அட்டவணைகளில் காலியாக விட அனுமதிக்கும். தெரிந்தும் திருத்தவில்லை, அதை நம்பி எழுதிய நிரல்கள் உடையுமே! 2021-ல் ‘ஸ்ட்ரிக்ட்’ அட்டவணை வந்தது. கண்டிப்பு வேண்டுமென்பவர் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், காலிச் சாவிக்கு இடமில்லை. மற்றவர்களின் பழைய கோப்புகள் அப்படியே திறக்கும். 2050 வரை இந்த மென்பொருளைப் பராமரிப்பதாக வாக்கும் கொடுத்திருக்கிறார்கள்.