கறுப்பு கோட்டு போட்ட மேனேஜர்

ஐம்பதுக்குப் பிறகு – 7

"ரிட்டையர் ஆனதும் லா படிச்சுட்டு பிராக்டீஸ் பண்ணலாம்னு இருக்கேன்." பேங்க்காரர்கள் நாலு பேர் சேர்கிற கல்யாணப் பந்தியில் இதைச் சொல்ல ஒருவராவது இருப்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் விசாரித்துப் பார்த்தால் விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள், எந்தக் கல்லூரி, என்ன ஃபீஸ் என்பதெல்லாம் ஏற்கெனவே கைவசம் இருக்கும்.

இந்த ஆசைக்கு ஒரு காலத்தில் சட்டமே தடை போட்டது. 45 வயது முடிந்தவர்களைப் புதிதாக வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது என்று 1993-ல் இந்திய பார் கவுன்சில் விதி கொண்டுவந்தது. ஒரு உத்தியோகத்தில் காலத்தைக் கழித்துவிட்டு, பழைய செல்வாக்கோடு கோர்ட்டுக்கு வருகிறவர்களால் தொழிலின் தரம் கெடுகிறது என்பது அவர்கள் வாதம். உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் அந்த விதியைச் செல்லாததாக்கியது. அப்படி வயது வரம்பு வைக்க பார் கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை என்றது. இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது: இளம் வயதிலேயே பதிவு செய்துவிட்டு, வேறு வேலைக்குப் போய், 45 தாண்டித் திரும்பி வருகிறவரை அந்த விதி தடுக்கவில்லை. அப்படியிருக்க, புதிதாக வருகிறவரை மட்டும் தடுப்பானேன்? எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். ஆனால் பார் கவுன்சிலின் பயமும் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய பதவியின் தோரணையை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆக, இன்றைக்கு வயது ஒரு பிரச்சினையில்லை. ஏதாவது ஒரு பட்டத்தில் 45 சதவீத மதிப்பெண் (பொதுப்பிரிவுக்கு), அதன்மேல் மூன்றாண்டு எல்.எல்.பி. தமிழ்நாட்டில் இதற்கு வயது உச்சவரம்பு கிடையாது. பிரச்சினை வருகைப் பதிவில் இருக்கிறது. பார் கவுன்சில் விதிப்படி 70 சதவீதம் வகுப்பில் உட்கார வேண்டும். தபாலில் படித்த சட்டப் பட்டம் வக்கீல் தொழிலுக்கு உதவாது. வேலையையும் விடாமல், பக்கத்து மாநிலத்தில் பரீட்சைக்கு மட்டும் போய் வந்தால் போதும் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். அந்த 'லெட்டர்பேட்' கல்லூரிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வருகிறவருக்குப் பதிவின்போதும் சங்கடம், பிறகு கோர்ட்டில் எழுந்து நிற்கும்போது அதைவிடச் சங்கடம். முப்பது வருஷம் கையெழுத்துக்கு மரியாதை இருந்த ஓர் அதிகாரி இந்த வேலையில் இறங்கக் கூடாது.

படிப்பு முடிந்ததும் மாநில பார் கவுன்சிலில் பதிவு. இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் (பட்டியலினத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல்) வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுநேரச் சம்பளத்தில் இருக்கும்வரை பதிவு செய்ய முடியாது. பதிவான இரண்டு வருஷத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்வி, குறிப்பில்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். வங்கியில் பதவி உயர்வுப் பரீட்சை எழுதித் தேறினவர்களுக்கு இது பெரிய மலையில்லை.

மலை அதற்கப்புறம்தான்.

என் நண்பர் ஒருவர் பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து, கடைசி ஆறேழு வருஷம் வாராக்கடன் பிரிவில் இருந்தவர். 20 வருஷ சர்வீஸ் தாண்டியிருந்ததால் விருப்ப ஓய்வில் போனாலும் பென்ஷன் உண்டு. 52 வயதில் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். படித்து முடித்துப் பதிவு செய்தபோது 55. சேர்ந்தது 38 வயது சீனியரிடம். சீனியர் இவரை "சார்" என்பார். இவரும் சீனியரை "சார்" என்பார். "சார், இந்த வக்காலத்தை ஃபைலிங் செக்‌ஷன்ல கொடுத்துட்டு வந்துடறீங்களா?" என்று சீனியர் கூச்சத்தோடு கேட்பார். பெல் அடித்தால் அட்டெண்டர் வந்து நின்ற மனுஷர், கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்குவார். பெட்டிஷன் ஏதோ குறையென்று 'ரிட்டர்ன்' ஆகும். சரிசெய்து மறுபடி கொடுக்க வேண்டும். குறை என்னவென்று செக்‌ஷனில் இருக்கிற இருபத்தெட்டு வயதுப் பையன்தான் சொல்ல வேண்டும். அவன் டீ குடிக்கப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும்.

"சட்டம் படிக்கிறது கஷ்டமாவே இல்லைய்யா. காத்திருக்கிறதுதான் கஷ்டம். முப்பது வருஷம் நான் மத்தவங்களைக் காக்க வெச்சே பழகிட்டேன்" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு அவருக்குப் பெரிதாக வரும்படி இல்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் பென்ஷன் வாங்குகிற ஜூனியர் எந்த முகத்தோடு கேட்பது? இவர் கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள் நடந்ததை அவர் அறையிலிருந்து நானே பார்த்தேன். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் தவறிவிட்டது. அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழி தரும் சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் கெடு வைத்த நோட்டீஸ் வந்து, அதுவும் கடந்து, வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். மேஜையில் காகிதங்களைப் பரப்பினார். சீனியர் செக்‌ஷனைத் தேடிக்கொண்டிருந்தார். நண்பர் செக்‌ஷன் பக்கமே போகவில்லை.

"நோட்டீஸ் வந்த கவர் எங்கே?"

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன் சார்."

"பேப்பர்ல விளம்பரம் வந்ததா? எந்தத் தேதி, எந்தப் பேப்பர்?" ஏழு நாளுக்குள் இரண்டு பத்திரிகையில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், அறிவிப்பு வந்திருக்க வேண்டும். கிளையில் இருந்தபோது இதே விளம்பரங்களை அனுப்பியவர் இவர்.

"நோட்டீஸ் வந்ததும் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன் சார், மார்ச் மாசம்."

"பதில் வந்ததா?"

வரவில்லை. 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். மார்ச் என்று கேட்டதுமே நண்பர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷக் கணக்கு முடிக்கிற மாதத்தில் அந்த மாதிரிக் கடிதங்கள் எந்தத் தட்டில் போய்த் தூங்கும் என்பது அவருக்குத் தெரியும். இதைச் சட்டப் புத்தகம் சொல்லித் தராது. அவர் சீனியருக்கும் தெரியாது. 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும்; இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணினார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து அவர் சொன்னதுதான். "மனு போடுவோம், ஸ்டே கேட்போம். ஆனா இதை வெச்சுக் கடனே இல்லைன்னு ஆக்க முடியாது. தோத்துட்டு மேல போகணும்னா பாதிப் பணம் கட்டச் சொல்வாங்க, ரொம்பக் கெஞ்சினா கால் பங்கு. நோட்டீஸ்ல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா பேங்க் பேச்சுக்கு வரும். அப்ப ஓ.டி.எஸ்., அதாவது ஒரே தடவையில கட்டி முடிக்கிற சமரசம், போட்டு முடிச்சுக்கோங்க." எந்தக் காலாண்டு முடிவில் வட்டார அலுவலகம் இறங்கி வரும் என்றும் சொன்னார். பட்டறைக்காரர் சீனியரை விட்டுவிட்டு இவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

நடுவயதில் தொழில் மாறுகிறவர்கள் கொண்டுவருகிற முதல் இதுதான். மேனேஜர் என்ற பட்டத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். எந்தக் காகிதம் எந்த மேஜையில், எதனால் தூங்குகிறது என்ற அறிவை உள்ளே எடுத்துவர வேண்டும். அதனால்தான் பேங்க்காரர் கிரிமினல் பக்கமும், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி கம்பெனிச் சட்டத்துக்கும் ஓடுவதை நான் ஆதரிப்பதில்லை. பக்கத்து அறைக்கு மாறுங்கள். பக்கத்து ஊருக்கு வேண்டாம். ஒரே ஒரு விலக்கு சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 302 இப்போது 103. 420 இப்போது 318. எண்களை மனப்பாடம் செய்வதில் முப்பது வருஷ கிரிமினல் வக்கீலும் நேற்று வந்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் குறுக்கு விசாரணையில் அந்த வரிசை கலைந்துவிடும்.

பக்கத்து அறையிலும் ஒரு பூட்டு உண்டு. தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன் வழக்காக வந்தால் அதைத் தொடக் கூடாது. அதில் அவரே சாட்சியாக வேண்டியவர். சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் வழக்கில் வக்கீலாக நிற்க பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை. நண்பர் தன் பழைய வங்கிக்கு எதிரான கட்டுகளையே வாங்குவதில்லை. "சட்டப்படி சில கேஸ் வாங்கலாம். ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கிறவன் நான் டிரெயினிங் கொடுத்த பையனா இருப்பான்" என்கிறார். வருமானத்தில் அது கணிசமான இழப்பு. இன்றைக்கும் அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தொழிலில் எட்டவில்லை. பென்ஷனும் அதுவும் சேர்ந்தால் எட்டுகிறது. மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு, வீட்டுக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் நோட்டீஸ் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டும் பாக்கி இருப்பவர்கள் 60 வரை பொறுப்பதே நல்லது.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் லீவு போடுங்கள். உங்கள் மாவட்ட கோர்ட்டில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள், விசாரணை எல்லோருக்கும் திறந்தது. வழக்கு கூப்பிடுவதையும் வாய்தா போவதையும் ஜூனியர்கள் கட்டோடு ஓடுவதையும் பாருங்கள். ஐந்தாம் நாளும் காலையில் போகத் தோன்றினால் கல்லூரிக்கு எழுதுங்கள்.

(அடுத்த வாரம்: வகுப்பறைக்கு வந்த இன்ஜினியர்கள்)