ஆர்.என்.எல்.ஐ. உயிர்காப்புப் படகுத் தன்னார்வலர்கள்

பிரித்தானியா, அயர்லாந்து கடற்பகுதிகளில் ஆபத்தில் சிக்குவோரை மீட்கும் தொண்டு நிறுவனம் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன். சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ. எனப்படுகிறது. மான் தீவின் டக்ளஸ் நகரில் வாழ்ந்த சர் வில்லியம் ஹிலரி, அக்கரையில் கப்பல்கள் உடைந்து மக்கள் மடிவதைக் கண்டு விடுத்த வேண்டுகோளின் பயனாக 1824 மார்ச் 4 அன்று இது தொடங்கப்பட்டது. இப்போதைய பெயரை 1854இல் பெற்றது. இன்று 230க்கும் மேற்பட்ட படகு நிலையங்கள் இதற்கு உள்ளன. படகில் செல்வோரில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாத உள்ளூர்வாசிகள்.

முற்காலத்தில் இவர்கள் பெரும்பாலும் மீனவர்களாக இருந்தனர். அலையையும் நீரோட்டத்தையும் சிறுவயதிலிருந்தே அறிந்தவர்கள் என்பதால் அவர்களுக்குக் கடலைப் பற்றிக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மீன்பிடித் தொழில் சுருங்கியபின் நிலைமை மாறிவிட்டது. இப்போது சேர்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே கடல்தொழில் பின்னணி உண்டு. மற்றவர்கள் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், குழாய் பழுது பார்ப்பவர்கள் என்று கரையில் பிழைப்பவர்கள். எனவே, மீட்பு நிறுவனமாகப் பிறந்த ஆர்.என்.எல்.ஐ. கடல்தொழில் கற்பிக்கும் பள்ளியாகவும் மாற வேண்டியதாயிற்று.

பயிற்சியின் பெரும்பகுதி அந்தந்த நிலையத்திலேயே நடக்கிறது. கயிறு முடிதல், நங்கூரமிடுதல், வானொலியில் பேசுதல், கடல் வரைபடம் படித்தல், இருளில் விளக்குகளைக் கொண்டு பிற கப்பல்களின் திசையை அறிதல், முதலுதவி ஆகியவற்றைப் பழைய உறுப்பினர்கள் புதியவர்களுக்குச் சொல்லித் தருகின்றனர். ஏட்டுப் படிப்பு போதாது. கடலில் செய்துகாட்ட வேண்டும்.

இங்கிலாந்தின் தென்கரையில் பூல் நகரில் 2004இல் திறக்கப்பட்ட கல்லூரியில் மற்றொரு பகுதி நடைபெறுகிறது. அங்கே அலை எழுப்பும் குளம் ஒன்று உள்ளது. விளக்குகளை அணைத்து, இடியோசையும் மழையும் உண்டாக்கி, முழு உடுப்புடன் உயரத்திலிருந்து நீரில் இறங்கச் சொல்கிறார்கள். கவிழ்ந்த ரப்பர் படகின் அடியில் சிக்கினால் வெளியேறுவதையும், அதைக் கூட்டாக நிமிர்த்துவதையும் கற்கிறார்கள். மீட்கப் போனவரையே மீட்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம். என் பார்வையில், வீரக் கதைகளைவிடப் பலமுறை செய்து பழகும் இந்த ஒத்திகையே இந்நிறுவனத்தின் உண்மையான பலம்.

பயிற்சி பெற்றவர் பேஜர் ஒன்றை எப்போதும் உடன் வைத்திருப்பார். கடலோரக் காவல் அமைப்பு உதவி கேட்டதும் அது ஒலிக்கும். சாப்பாட்டுத் தட்டையோ கடைக் கல்லாவையோ அப்படியே விட்டு ஓட வேண்டும். சுமார் பத்து நிமிடத்தில் படகு நீரில் இறங்குவதே இலக்கு என்பதால், நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்களையே சேர்க்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் முதலாளியும் இதற்கு இசைய வேண்டும்!

படகில் ஏற முடியாதவர்களுக்கும் பணியுண்டு. படகை இழுக்கும் டிராக்டரை ஓட்டலாம், நிதி திரட்டலாம், பள்ளிகளில் நீர்ப் பாதுகாப்பு கற்பிக்கலாம். தவறி நீரில் விழுந்தால் முதலில் நீந்தத் துடிக்காமல், தலையைப் பின்னால் சாய்த்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும் என்பது இவர்கள் பரப்பும் முக்கியமான பாடம்.

ஊரே பங்கேற்கும் இந்த ஏற்பாட்டில் இழப்பும் ஊருக்கே நேர்கிறது. 1981 டிசம்பர் 19 இரவு, கார்ன்வால் கரையோரம் இயந்திரம் நின்று தத்தளித்த 'யூனியன் ஸ்டார்' கப்பலை நோக்கி, மவுசோல் என்னும் சிற்றூரைச் சேர்ந்த எட்டுப் பேர் 'சாலமன் பிரவுன்' என்ற மரப்படகில் சென்றனர். சூறைக்காற்றில் நால்வரை மீட்டதாக வானொலியில் தெரிவித்தனர். பிறகு ஓசை இல்லை. இரு கலங்களிலும் இருந்த 16 பேரும் மாண்டனர். புறப்படுமுன் படகுத் தலைவர் ஓர் இளைஞரை ஏற்க மறுத்திருந்தார். அவருடைய தந்தை ஏற்கெனவே படகில் இருந்தார். அத்தகைய இரவில் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போதும் என்பது தலைவரின் முடிவு. ஒரு நாளுக்குள் புதிய குழுவுக்குப் போதிய ஆட்கள் அவ்வூரில் முன்வந்தனர். மறுக்கப்பட்ட அந்த இளைஞர் பின்னாளில் அதே நிலையத்தின் படகுத் தலைவரானார்.