பனித்தரைக் கோலங்கள்

பிராட்வேயின் நெரிசலைக் கடந்து மார்க்கெட்டின் மீன் கடைகளுக்குச் செல்லும் நம்மவர்க்குப் பனிக்கட்டி என்பது மீன் கெடாமல் காக்கும் ஒரு சரக்கு. அதற்கு மேல் அதனிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதன்மீது மனிதர் நடனமாடுவதைத் தொலைக்காட்சியில் கண்டு ரசிகனாகிவிட்ட ஒருவன், கொச்சியின் புழுக்கத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேச முற்படுவது நேயர்களுக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், வாசலில் கோலமிடும் வழக்கமுள்ள நமக்கு இக்கலை முற்றிலும் அந்நியமானதன்று.

இதனை ஃபிகர் ஸ்கேட்டிங் என்பர். ‘ஃபிகர்’ என்றது, காலணியின் அடியிலுள்ள எஃகுத் தகட்டால் பனித்தரையில் வரையும் உருவத்தை. எட்டு என்னும் இலக்கத்தைப் போன்ற வளைவுகளை வரைந்து, அதே கோட்டின்மீது பிசகாமல் மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டை ஆராய்ந்து மதிப்பெண் இடுவர். இச்சோதனை 1990-ஆம் ஆண்டுக்குப் பின் சர்வதேசப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. அந்த எஃகுத் தகட்டின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. ஆதலால் அதற்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள். உடல் எந்த விளிம்பின்மேல் சாய்கிறதோ அந்தப் பக்கம் வளைவு பிறக்கிறது. தாவல்களை எண்ணத் தெரியாதவரும் இச்சாய்வைக் கவனித்தால் ஆட்டத்தின் தரத்தை உணரலாம்.

1984 பிப்ரவரி 14 அன்று, சரயேவோ ஒலிம்பிக்கில், பிரிட்டனின் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் இணையினர் ராவெல் என்பார் 1928-இல் இயற்றிய ‘பொலேரோ’ இசைக்கு ஆடினர். முதலிலிருந்து இறுதிவரை ஒரே தாளக்கட்டு. திரும்பத் திரும்ப ஒரே மெட்டு. வாத்தியங்கள் ஒவ்வொன்றாய்ச் சேர, ஒலி மட்டும் ஓங்கிக்கொண்டே செல்லும். அவ்விசையை எவ்வளவு சுருக்கியும் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே கொண்டுவர இயலவில்லை. விதி அனுமதித்ததோ 4 நிமிடம் 10 விநாடி. ஆனால் தகடு பனியில் பதிந்து சறுக்கத் தொடங்கும் கணத்திலிருந்தே காலம் கணக்கிடப்படும் என்பதும் விதி. எனவே முதல் 18 விநாடிகளை இருவரும் மண்டியிட்டபடியே ஆடினர்! அரசாங்க விதிகளை மொழிபெயர்த்தே வயிறு வளர்க்கும் அடியேன், ஒரு விதியின் வாசகத்தை இத்துணை அழகாகப் படித்தவர்களை வேறெங்கும் கண்டதில்லை. கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் முழு மதிப்பெண்ணாகிய 6.0 வழங்கினர். பிற்பாடு போரில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்ட அதே அரங்கில், 2014-இல் ஐம்பதைக் கடந்த வயதில் அவர்கள் அதே ஆட்டத்தை மறுபடியும் ஆடினர்.

இருப்பினும் அடியேனின் உள்ளத்தில் முதலிடம் பெற்றது பதக்கம் பெறாத ஓர் ஆட்டமே. ஜப்பானின் மாவோ அசாடா, 2010-இல் வெள்ளி வென்றவர், 2014 சோச்சி ஒலிம்பிக்கின் முதற்பகுதியில் தவறி விழுந்து 16-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். விழச்செய்தது ‘ஆக்ஸல்’ என்னும் தாவல். முன்னோக்கியபடி எழும் தாவல் இது ஒன்றே. ஆதலால் மும்முறைச் சுற்றில் அரைச்சுற்று கூடுதலாகும். மறுநாள் ராக்மனினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ ஒலிக்க, அதே தாவலுடன் தொடங்கினார், பிசகின்றித் தரையிறங்கினார். இசை முடிந்ததும் தலையை நிமிர்த்தி விம்மினார். பின்னர் கண்ணீரோடு முறுவலித்தார். அவர் பெற்ற 142.71 புள்ளிகள் அவரை 6-ஆம் இடத்துக்கே உயர்த்தின. அன்று பொன் வென்றவரின் ஆட்டத்தை நினைவுகூர அடியேன் சற்று முயல வேண்டியிருக்கிறது.

நம்மவர் பெயர் ஒன்றும் இத்துறையில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்கு 2000-இல் பிறந்த தாரா பிரசாத், 2019-இல் இந்தியக் குடியுரிமை பெற்று, இந்தியாவின் சார்பில் ஆட முன்வந்தார். பனித்தளங்களே அரிதான நாட்டைத் தாமாகத் தேர்ந்துகொண்டவர் அவர். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நமக்கு இந்த எதிர்த்திசைப் பயணம் சற்று வியப்பளிக்கிறது. 2025-இல் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில் அவர் 8-ஆம் இடம் பெற்றார். அவரது ஆட்டம் காணக் கிடைக்குமாயின், நேயர்கள் முதலில் கால்களின் சாய்வைப் பார்ப்பார்களாக. தாவல்களைப் பின்னர் எண்ணிக்கொள்ளலாம்.