யாருடைய கொழுந்து?

மஞ்சூரில் பனிமூட்டம் இறங்கும் மாலை வேளையில், பச்சைத் தேயிலை எடைபோடும் இடத்தில் சிறு விவசாயிகள் சாக்குகளுடன் காத்து நிற்பதை நம் வாசகர்களில் பலர் கண்டிருக்கலாம். எல்லார் தோட்டத்து இலையும் ஒன்றாகவே வாட்டப்பட்டு, ஒன்றாகவே அரைபட்டு, ஒரே தூளாகிறது. ஆயினும் எவர் கொணர்ந்தது எத்தனை கிலோ என்பது அதற்கு முன்னரே அவரவர் பெயரில் எழுதப்பட்டுவிடும். அடுத்தவர் தோட்டத்துக் கொழுந்தைத் தன் சாக்கில் திணித்துத் தன் பெயரில் எடைபோடுபவனை இவ்வூர் எளிதில் மன்னிக்காது. ஆனால் அடுத்தவர் எழுதியதைத் தம் பெயரில் எடைபோடுவோரைப் பற்றி நாம் யாரும் அவ்வளவு கவலைப்படுவதில்லை.

சென்ற பங்குத் திருவிழாவையொட்டி, மறைக்கல்வி மாணவர்களுக்கு 'எங்கள் குடும்பமும் தேயிலையும்' என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி ஒன்று நடத்தினோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கட்டுரை பிழையற்ற செந்தமிழில் அமைந்திருந்தது. சீன நாட்டில் தேயிலை தோன்றிய கதையில் தொடங்கி, ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களில் முடிந்தது. முதற் பரிசு அதற்கே என்று முடிவும் செய்துவிட்டோம். அப்போது மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் தம் கைப்பேசியைக் கொணர்ந்து காட்டினார். அதே கட்டுரை, ஒரு சொல்லும் மாறாமல் அங்கே இருந்தது.

மாணவனையும் அவன் தாயாரையும் அழைத்துப் பேசினோம். தாயார் சற்றும் தயங்கவில்லை. "எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தானே சாமி எழுதுதுங்க? நல்லா இருந்தா சரிதானே?" என்றார். மாணவனோ தலை கவிழ்ந்து, "நானா எழுதினா நல்லா இருக்காது ஃபாதர்" என்றான்.

அச்சிறுவனைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. காரணம் உண்டு.

நம் மேசைமேல் வைக்கப்பட்ட நூல்

குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறோர் ஊரில் உதவிப் பங்குக்குருவாக இருந்தபோது, சிற்றிதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதினோம். எழுதினோம் என்று சொல்வதும் பிழையே. ஆங்கிலப் பிரசங்க நூல் ஒன்றின் பல பக்கங்களை அப்படியே தமிழாக்கி, அடியில் நம் பெயரை இட்டோம். பலர் பாராட்டினர், நாமும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டோம். சில நாள் கழித்து, முதியவரான பங்குக்குரு அந்த ஆங்கில நூலை நம் மேசைமேல் வைத்தார். உரிய பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. "மொழிபெயர்ப்பு நன்றாய் வந்திருக்கிறது. ஆசிரியர் பெயர்தான் விடுபட்டுப் போயிற்று போலும்" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். கால் நூற்றாண்டு கடந்தும் அச்சொல் நம்மை விட்டு நீங்கவில்லை.

பிறர் எழுத்தை எடுத்தாள்வது குற்றமன்று. எடுத்ததை மறைப்பதே குற்றம் என்பதை அன்று கற்றோம். களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளையை மட்டுமன்று, பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளையையும் அது மீறுகிறது.

தமிழ் மரபு சொல்வது

மூலத்தைக் குறிப்பிடும் பழக்கம் மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலின் பாயிரம் தெரிவிக்க வேண்டிய எட்டுச் செய்திகளை வகுக்கிறது. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது அந்நூல் எதனைப் பின்பற்றி வந்தது என்பது. நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என மூன்றாகப் பிரித்ததும் நம் மரபே. வழி நூல் எழுதுவது இழுக்கன்று. ஆனால் வழி நூலை முதல் நூல் போலக் காட்டுவதற்கு அம்மரபில் இடமில்லை. கம்பரும் தம் காப்பியத்தின் தொடக்கத்திலேயே, வடமொழியில் இக்கதையைச் செய்த மூவருள் முன்னவரான வான்மீகியாரைத் தழுவிப் பாடுவதாக வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அதனால் கம்பரின் புகழ் குறைந்ததா?

சொல்லாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் தமிழிலேயே சான்று உண்டு. சிறுகதை மன்னர் எனப் போற்றப்படும் புதுமைப்பித்தன் (1906–1948), தழுவல் என்பது இலக்கியத் திருட்டே என்ற கொள்கை உடையவர். இது குறித்துக் கல்கியுடன் கடுமையாக வாதிட்டவர். ஆனால் அவர் மறைந்த பின், அவர் பெயரில் வெளிவந்த கதைகளிற் சில பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளைத் தழுவியவை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 'தமிழ் படித்த பெண்டாட்டி' என்ற கதை ஒன்றை மட்டுமே தழுவல் என அவர் ஒப்புக்கொண்டிருந்தார். 'சமாதி', 'நொண்டி', 'பயம்' முதலியனவும் அவ்வகையினவே என்று ஆய்வாளர் வேதசகாயகுமார் காட்டினார். அக்கதைகளிற் பெரும்பாலானவற்றை ஆசிரியர் தாமே நூலாக்கவில்லை என்றும், அவர் மறைவுக்குப் பின் பிறரே நூலேற்றினர் என்றும் பதிப்பாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி விளக்கம் தந்தார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. தலைப்பின்கீழ் 'தழுவல்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால், இத்தனை ஆண்டுக்கால வழக்கே எழுந்திராது.

சட்டமும் பல்கலைக்கழகமும்

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எழுதியவர் வாழும் காலத்திலும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரையிலும் அவர் படைப்பைக் காக்கிறது. வெறும் கருத்துக்கு அந்த உரிமை இல்லை. அக்கருத்து எழுத்தில் பெற்ற வடிவத்திற்கே உண்டு. 'நாம் இந்தியர்' என்னும் பொருள்படும் தம் இந்தி நாடகத்தைத் திரைப்படமாக்கிவிட்டனர் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கி, அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. சட்டத்தின் பிடியில் அகப்படாமல் போகலாம். அதனாலேயே நேர்மை வந்துவிடாது. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் அதைத் தாம் எழுதியதாகச் சொன்னால் அது பொய்தான்.

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் 40 விழுக்காடு வரை பிறர் எழுத்து ஒத்திருந்தால், ஆறு மாதத்திற்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை எனில், ஓராண்டுக் காலம் திருத்திய ஏட்டையும் அளிக்க இயலாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். முறைப்படி மூலம் குறித்த மேற்கோள்கள் இக்கணக்கில் சேர்வதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, படிக்கும்போதே நூலின் பெயர், ஆசிரியர், பக்கம் மூன்றையும் குறித்துக்கொள்க. பின்னர் தேடலாம் என்று விட்டால் நினைவு தவறும். அறியாமலே களவு நேர்ந்துவிடும்.

இரண்டாவது, படித்து முடித்ததும் நூலை மூடிவைத்துவிட்டு எழுதுக. நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, 'கூறினார்' என்பதை 'உரைத்தார்' என்று மாற்றுவது நம் நடை ஆகிவிடாது.

மூன்றாவது, பிறர் சொற்களை அப்படியே தந்தால் மேற்கோள் குறி இடுக. கருத்தை மட்டும் எடுத்து நம் சொற்களில் எழுதினாலும், எவர் கருத்து எனக் கூறுக. மொழிபெயர்ப்புக்கும் இதுவே விதி. இந்தியா 1947இல் விடுதலை பெற்றது போன்று யாவரும் அறிந்த செய்திக்கு மூலம் காட்ட வேண்டியதில்லை.

நான்காவது, கேட்ட மாத்திரத்தில் கட்டுரை ஆக்கித் தரும் இயந்திரங்கள் இன்று கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. ஐயம் கேட்க அவை பயன்படலாம். அவை தந்ததை நம் எழுத்தென்று நீட்டுவது, எழுதியவன் மனிதனாய் இல்லாவிடினும் பொய்யே.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் கட்டுரையை நீங்கள் எழுதித் தராதீர்கள். உன் சொல்லால் பயனில்லை என்ற பாடத்தையே அவன் அதிலிருந்து கற்பான். நம் மாணவன் சொன்ன மறுமொழி அப்பாடத்தின் விளைவே. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து ஒப்புவித்தலையே கல்வி என்று பழக்கிவிட்ட பெரியோராகிய நமக்கும் அதில் பங்கு உண்டு.

அவனிடம், "உன் பாட்டி எப்படி இவ்வூருக்கு வந்தார்?" என்று மட்டும் கேட்டு, ஒரு வாரம் தவணை தந்தோம். அவன் எழுதிக் கொணர்ந்தது ஒன்றரைப் பக்கம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கைத் தோட்டத்திலிருந்து புறப்பட்ட குடும்பம்; தலைமன்னாரில் கப்பலேறியபோது பாட்டிக்குப் பதினாறு வயது. அங்கே கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள் இங்கும் கொழுந்தே கிள்ளின. இத்தனையும் அவன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருக்கிறது. எந்தக் கைப்பேசியிலும் இல்லை. எழுத்துப்பிழைகள் பதினொன்று. கடைசி வரியில், 'ஒப்பந்தம் நடந்த ஆண்டை எங்கள் வரலாற்று ஆசிரியர் சொன்னார். மற்றதெல்லாம் பாட்டி சொன்னது' என்று எழுதியிருந்தான்.

பரிசு கொடுக்கும் நாள் கடந்துவிட்டிருந்தது. ஆயினும் அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அதனை அவனே வாசித்தான். பின் வரிசையில் அமர்ந்து பாட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார்.